உடம்புக்குள் போவதும் உடம்பிலிருந்து செலவாவதும்

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கிறார், மாவட்ட அளவில் கபடி ஆடுகிறார். ஊட்டச்சத்தையும் உடற்பயிற்சி அறிவியலையும் சேர்த்துப் படிக்க ஆசை. வீட்டில் அப்பா, "இது சமையல் படிப்பா, பி.டி. மாஸ்டர் படிப்பா? எதுவானாலும் சோறு போடுமா?" என்று கேட்கிறாராம். ஜிம்மில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. வேதியியல் என்றால் கொஞ்சம் பயம். கல்லூரிக்குப் போனால் கபடியை விட வேண்டியிருக்குமா என்பது கடைசிக் கேள்வி.

தம்பி, நான் இளநிலையில் ஊட்டச்சத்தும், முதுநிலையில் உடற்பயிற்சியின்போது உடம்பு எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் உடற்பயிற்சி உடலியங்கியலும் படித்தவள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டையும்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பாவின் கேள்வி கோபத்தில் வந்திருக்கலாம், ஆனால் அது சரியான கேள்வி. நம் ஊரில் இந்தப் படிப்பு உண்மையிலேயே இரண்டு வேறு வீடுகளில் பிறந்து வளர்ந்தது. ஊட்டச்சத்து, மனையியல் வழியாக வந்தது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கியது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜம்மாள் தேவதாஸ் போன்ற பெரிய ஊட்டச்சத்து அறிஞர் வேந்தராக இருந்த இடம். உடற்பயிற்சியோ உடற்கல்வி வழியாக வந்தது. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கினார். முன்னது பெண்கள் படிக்கும் இடம். பின்னது நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்கள் படித்த இடம். உடம்புக்குள் போவதை ஒரு வளாகத்தில் படித்தார்கள், உடம்பிலிருந்து செலவாவதை இன்னொரு வளாகத்தில் படித்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் கூட ஓடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதன் விளைவை நானே அனுபவித்தேன். இளநிலையில், "நடுத்தர உழைப்பாளிக்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி" என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து, ரெக்கார்டு நோட்டில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. முதுநிலை லேபில் என் முகத்தில் மாஸ்க்கை மாட்டி ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். நான் இழுக்கும் ஆக்சிஜன், விடும் கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் கருவி அளந்துகொண்டே வந்தது. ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் உடம்பு ஏறத்தாழ 5 கிலோ கலோரி எரித்திருக்கிறது என்று அர்த்தம். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே போன ஆக்சிஜனால் வகுத்தால் வரும் எண் 0.7க்குப் பக்கத்தில் இருந்தால் எரிவது கொழுப்பு, 1க்குப் பக்கத்தில் இருந்தால் மாவுச்சத்து. நான் நிதானமாக நடக்கும்போது கீழே இருந்த எண், ஓட ஓட மேலே ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று வருடம் நோட்டில் எழுதிய எண்கள் அன்றைக்குத்தான் எனக்கு உயிரோடு தெரிந்தன.

இரண்டையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒரே ஒரு சோதனை. ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1966இல் வெளியிட்டது. இரண்டு பேரும், நின்ற இடத்திலேயே மிதித்து உழைப்பை அளக்கும் ஒரே சைக்கிள் எர்கோமீட்டரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மற்றக் காலுக்கு ஓய்வு. இனி முடியாது என்னும் வரை மிதித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு சாப்பிட்டார்கள். தொடைத் தசையில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைகோஜன், அதாவது தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து, ஓய்வெடுத்த காலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, இரண்டு காலிலும் ஓடுவது ஒரே ரத்தம். உழைத்த கால் மட்டும் சேமித்துக்கொண்டது. சாப்பாட்டை மட்டும் படித்தவருக்கு இதை விளக்க முடியாது, உடற்பயிற்சியை மட்டும் படித்தவருக்கும் முடியாது. வகுப்பில் இதைச் சொல்லி முடித்ததும் இந்தப் படிப்பு எதற்கு என்று அதன்பிறகு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சரி, வகுப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? முதல் வருடம் பெரும்பாலும் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். நீங்கள் பயப்படும் வேதியியல் இங்கேதான் வரும், தப்பிக்க முடியாது. ஆனால் அதை உங்கள் ஆட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. எதிரணிக் களத்தில் பாய்ந்து, தொட்டு, திமிறிக்கொண்டு கோட்டுக்கு வரும் அந்தச் சில விநாடிகளில் உங்கள் தொடை எரிப்பது, தசைக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கும் உடனடிச் சக்திப் பொருள்களான ஏ.டி.பி.யையும் கிரியேட்டின் பாஸ்பேட்டையும். அந்தக் கையிருப்பு 10 விநாடிக்குள் பெரிதும் வற்றிவிடும். அதற்கு மேல் ஆட்டம் நீண்டால் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் குளுக்கோஸை உடைக்கும் வழி கைகொடுக்கும், லாக்டேட் ஏறும், தொடை கனக்கும். திரும்பி வந்து நிற்கிறீர்கள் அல்லவா, அப்போது மூச்சு வாங்க வாங்க ஆக்சிஜன்தான் அந்தக் கிரியேட்டின் பாஸ்பேட்டை மறுபடி நிரப்புகிறது. அரை நிமிடத்தில் பாதி நிரம்பும், முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். "ரெய்டருக்கு ஸ்பீடு போதும், ஸ்டாமினா எதுக்கு?" என்று கேட்பவருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. 20 நிமிடப் பாதிகள் இரண்டு. கடைசி ஐந்து நிமிடத்திலும் முதல் ரெய்டு மாதிரியே பாய வேண்டுமென்றால், நிரப்பும் வேகம் வேண்டும். உயிர்வேதியியலை இப்படிப் படித்தால் பயம் போய்விடும். புத்தகத்தில் கிரெப்ஸ் சுழற்சியை மனப்பாடம் செய்பவர்தான் பரீட்சை முடிந்ததும் மறந்துபோவார்.

இந்த 30 விநாடிக்கு லேபில் ஒரு பரீட்சையே இருக்கிறது. விங்கேட் டெஸ்ட் என்பார்கள், இஸ்ரேலில் விங்கேட் நிறுவனத்தில் உருவானது. உடல் எடையில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு சுமையைச் சைக்கிள் சக்கரத்தில் ஏற்றிவிட்டு, 30 விநாடி உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். முதல் ஐந்து விநாடியில் எட்டிய சக்தி எவ்வளவு, கடைசி ஐந்து விநாடியில் அது எவ்வளவு விழுந்தது என்று கணக்கெடுப்பார்கள். முடித்ததும் சில பிள்ளைகள் வாந்தியே எடுத்துவிடுவார்கள், அதனால் காலையில் வெறும் வயிற்றோடும் வரவிட மாட்டோம், வயிறு நிறையச் சாப்பிட்டும் வரவிட மாட்டோம். ட்ரெட்மில்லில் படிப்படியாக வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி வி.ஓ.2 மேக்ஸ் அளப்பது இன்னொன்று. உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதற்கான அளவு அது. ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேயர் 1920களில் கொண்டுவந்த கருத்து. அவர் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைத் தசை வெப்பம் பற்றிய ஆய்வுக்காகப் பெற்றவர்.

ஊட்டச்சத்துப் பக்கம் போனால், பார்க்க எளிதாகத் தோன்றும், உள்ளே போனால் கஷ்டம். அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வேகாத அரிசியில் ஏறத்தாழ 350 கிலோ கலோரி. வடித்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சி இரண்டரை, மூன்று மடங்கு எடையாகிவிடும். "200 கிராம் சாதம் சாப்பிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அது வெந்த எடையா வேகாத எடையா என்று கேட்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகிவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் அளவுகள் இருக்கின்றன. அதுதான் உங்கள் கையில் எப்போதும் இருக்கப்போகும் புத்தகம். ஆனால் அட்டவணையைப் பார்க்கத் தெரிந்தால் போதாது, மனிதரிடம் கேட்கத் தெரிய வேண்டும்.

நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் பயிற்சி ஒன்று உண்டு. வெவ்வேறு அளவுக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போவோம். முதல் தடவை ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தேன். "என்னத்த சாப்பிட்டேன், ரெண்டு இட்லி, கொஞ்சம் சோறு" என்றார். குழம்பில் விட்ட எண்ணெய், பேரனின் தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது, நாலு மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, கூடவே இரண்டு முறுக்கு எதுவும் அவர் கணக்கில் வரவில்லை. பொய் சொல்லவில்லை. அதெல்லாம் அவருக்குச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். எந்தக் கிண்ணத்தில் சோறு வைப்பார் என்று எடுத்துக் காட்டச் சொல்லி, அதில் தண்ணீர் ஊற்றி அளந்தபோது என் கணிப்பு பாதிக்குப் பாதி தவறியிருந்தது தெரிந்தது. இந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்த மாணவர் பிற்காலத்தில் நல்ல டயட்டீஷியன் ஆவார். வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதிக் கொண்டுவருபவர் ஆக மாட்டார்.

இந்தத் துறையின் இந்திய வரலாறே நம் மலையில் தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில், 1918இல், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, நான் மேலே சொன்ன தேசிய நிறுவனம் ஆனது. மெக்காரிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு முதலிடம், சோறே பெரும்பங்காக இருந்த மதராஸ் உணவு கடைசி இடம். இது கேட்கக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் இன்றைக்கும் நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் காயும் ஓரத்திலும் இருப்பதைப் பார்க்கும்போது அந்த எலிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

நம் உடம்பின் இன்னொரு பிரச்சினையையும் வகுப்பில் கட்டாயம் காட்டுவேன். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யூட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. இரண்டு பேருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யூட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆனாலும் தராசு காட்டும் எடையை மட்டும் நம்பினால் நம் ஆட்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் கிடையாது. ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படிச் சுகர் வந்தது என்று கேட்கும் எத்தனையோ பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புள்ளியியல் என்று ஒரு தாள் வரும். பிள்ளைகள் வெறுப்பார்கள். நான் அதை மிகவும் நேசிக்கிறேன், ஏனென்றால் ஏமாறாமல் இருக்கக் கற்றுத்தருவது அதுதான். ஒரு கதை சொல்கிறேன். 1953இல் ஜெர்ரி மோரிஸ் குழுவினர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு முதல் பெரிய சான்று அது. அத்தோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஆனால் மோரிஸ் விடவில்லை. ஊழியர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு இள வயதிலேயே பெரிதாக இருந்தது! அப்படியென்றால் வித்தியாசம் எல்லாம் படிக்கட்டினால்தானா, அல்லது ஆளே வேறா? தன் கண்டுபிடிப்பின் மேலேயே சந்தேகப்பட்டு அதையும் 1956இல் வெளியிட்டார். பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள் உழைப்பின் பலனை உறுதி செய்தன என்பது வேறு. அந்தச் சந்தேகப்படும் பழக்கம்தான் இந்தப் பட்டத்தின் உண்மையான சொத்து. "இதைக் குடித்த பத்துப் பேருக்கு எடை குறைந்தது" என்று யாராவது சொன்னால், குடிக்காத பத்துப் பேர் எங்கே என்று உங்கள் வாய் தானாகக் கேட்க வேண்டும்.

அப்படி ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்த ஆய்வு நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு குழுவுக்கு உணவு மாற்றமும் தினமும் அரை மணி நடையும். ஒன்றுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, இன்னொன்றுக்கு இரண்டும். மூன்று ஆண்டில், வெறும் அறிவுரை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது, இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் இல்லை. அப்பா "சோறு போடுமா" என்று கேட்டாரே, அவரிடம் இதைக் காட்டுங்கள். 2023இல் வெளியான கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களுக்கும் வாசலில் நிற்பவர்களுக்கும் "குறைச்சுச் சாப்பிடுங்க, நடங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புகிறோம். எவ்வளவு, எப்படி, முழங்கால் வலி இருந்தால் என்ன செய்வது, இன்சுலின் போடுபவர் நடக்கும் முன் என்ன சாப்பிடுவது என்று உட்கார்ந்து சொல்ல ஆள் போதவில்லை.

எங்கே படிப்பது என்பதில்தான் உங்களுக்குச் சிக்கல். இரண்டும் ஒரே பெயரில் சேர்ந்த இளநிலைப் பட்டம் ஆஸ்திரேலியாவில் சாதாரணம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அப்படியே ஒரு பட்டம் இருக்கிறது, டீக்கின் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது. அங்கே உடற்பயிற்சி உடலியங்கியலாளர் என்பது அங்கீகாரம் பெற்ற தொழில், மருத்துவர் பரிந்துரைத்தால் அரசு மருத்துவக் காப்பீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் செலவைச் சமாளிக்க வழியில்லாமல் கடன் வாங்கி இளநிலைக்கு வெளிநாடு போக நான் சொல்ல மாட்டேன். முதுநிலைக்குப் போகலாம்.

இங்கே ஊட்டச்சத்துக்குப் பேர்போன பல கல்லூரிகள் பெண்கள் கல்லூரிகள். உங்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஆண்பிள்ளைகள் இந்தத் துறைக்குக் குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம், இது எனக்கு நெடுநாள் வருத்தம். இருபாலரும் படிக்கும் கல்லூரிகளில் ஊட்டச்சத்து, உணவுமுறை இளநிலைப் பட்டங்கள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். உடற்பயிற்சிப் பக்கத்திலிருந்து நுழைய வேண்டுமென்றால், போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் இளநிலை உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி உடலியங்கியல் சொல்லித்தரும் துறை இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் விளையாட்டு ஊட்டச்சத்தில் முதுநிலை இருக்கிறது. என் யோசனை இதுதான்: இளநிலையில் ஒரு பக்கத்தை ஆழமாகப் படியுங்கள், முதுநிலையில் மறுபக்கம் போங்கள். இரண்டையும் மேலோட்டமாகத் தொட்ட ஆளைவிட, ஒன்றில் வேரூன்றி இன்னொன்றுக்குக் கிளை விட்ட ஆளுக்கு வேலை நிலைக்கும். நான் பார்த்தவரை ஊட்டச்சத்திலிருந்து தொடங்கினால் வாய்ப்பு கொஞ்சம் அகலம், ஏனென்றால் விளையாட்டில் இடம் கிடைக்காவிட்டாலும் மருத்துவமனை இருக்கிறது.

சேரும் முன் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். 2021இல் வந்த மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியன், ஊட்டச்சத்து நிபுணர் ஆகியோரையும் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பாடத்திட்டமும் பதிவு விதிகளும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. தொலைதூர வழியில் இந்தப் படிப்பை நடத்த 2025 சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது, அதனால் "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள். மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு டயட்டீஷியன் என்று பலகை மாட்டுபவர்களோடு உங்களை ஒருவர் ஒப்பிடக் கூடாது என்றால், முறையான பட்டம், மருத்துவமனை இன்டர்ன்ஷிப், அதன்பின் இந்திய உணவுமுறைச் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வு, இந்த வழியில் போவதுதான் நல்லது.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், உங்களோடு படித்த இன்ஜினியரிங் நண்பன் உங்களைவிட அதிகம் வாங்கலாம். மருத்துவமனை, விளையாட்டு அகாடமி, உணவு நிறுவனங்கள், ஆராய்ச்சி, கல்லூரி, பள்ளி உணவுத் திட்டங்கள் என்று வழிகள் உண்டு. அணிகளோடு பயணம் செய்யும் வேலைதான் எல்லோருக்கும் கனவு, அதில் இடங்கள் மிகக் குறைவு. சிறுநீரக நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் உணவு எழுதத் தெரிந்தவர் அந்த இடம் கிடைக்கும் வரை தாக்குப்பிடிப்பார்.

இப்போது பவுடர். உங்கள் எடை 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பரிந்துரை, அதாவது ஒரு நாளைக்கு 54 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை, அதாவது 91 முதல் 130 கிராம். காலையில் நாலு இட்லி சாப்பிட்டால் ஏறத்தாழ 8 கிராம்தான் வந்திருக்கும். இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12. பருப்பு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பால், தயிர், மீன், கோழி என்று மூன்று வேளையும் பிரித்துப் போட்டால் அந்த அளவைப் பவுடர் இல்லாமலே எட்டலாம், செலவும் குறைவு. பவுடர் விஷம் இல்லை, பால் புரதம்தான், வசதியும் நேரக் குறைவும் இருப்பவர் குடிக்கலாம். என் பயம் வேறு. டப்பாவில் எழுதாத பொருள் உள்ளே கலந்திருந்து, ஊக்கமருந்துச் சோதனையில் உங்கள் சிறுநீரில் அது தெரிந்தால், "எனக்குத் தெரியாது, ஜிம்மில் கொடுத்தார்கள்" என்ற சமாதானம் உங்களை விடுவிக்காது. உடம்பில் இருப்பதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. மாவட்டத்துக்கு மேல் ஆட நினைக்கும் பிள்ளை முகவரி தெரியாத டப்பாவைத் தொடவே கூடாது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை எடை வரம்பு. எடைப் பிரிவுப் போட்டிக்கு முந்தின நாள் சோறு தண்ணீர் இல்லாமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, எச்சில் துப்பித் துப்பி இரண்டு மூன்று கிலோ குறைக்கும் பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் தராசில் ஏறி இறங்கி, பத்தடி நடந்து, சுருண்டு விழுந்தான். அவன் குறைத்தது கொழுப்பு இல்லை, வியர்வையும் ரத்தத்தின் நீரும். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் போனாலே ஆட்டம் தளரும், இதயம் அதிகம் துடிக்கும், உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. தம்பி, நீங்கள் இதைச் செய்திருந்தால் தயவுசெய்து இனி செய்யாதீர்கள். கூட ஆடுபவர்களிடமும் சொல்லுங்கள். இந்தப் படிப்பை முடித்து நீங்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும், உங்கள் ஊர் அணியில் இந்தப் பழக்கத்தை நிறுத்தினால் அதுவே எனக்குப் போதும்.

அதனால் கபடியை விடாதீர்கள். படிப்புக்கு நேரம் போதாது என்று முதல் வருடம் விட்டுவிடும் பிள்ளைகள், இரண்டாம் வருடம் லேபுக்கு வரும்போது அளப்பதற்கு வேறு உடம்பைத் தேடுகிறார்கள். உங்களிடம் உங்களுடையதே இருக்கும். கல்லூரி பார்க்கப் போகும்போது பிராஸ்பெக்டஸை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளக்கும் கருவியைக் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எந்த மாணவர் ஓட்டினார் என்று கேளுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவரைத் தனியே பார்த்து, எத்தனை வீட்டுக்கு அளவுக் கிண்ணத்தோடு போனீர்கள், எந்த மருத்துவமனையில் எத்தனை வாரம் நின்றீர்கள் என்றும் கேளுங்கள். அதுவரை, இந்த வாரம் மூன்று நாள், ஒன்று பயிற்சி இல்லாத நாளாக இருக்கட்டும், வாயில் போட்டதையெல்லாம் உடனுக்குடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், இடையில் குடித்த தண்ணீரையும் குறித்துக்கொள்ளுங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அதோடு குடித்த தண்ணீரையும் கூட்டினால் எவ்வளவு வியர்த்தீர்கள் என்று தெரியும். நோட்டு நிரம்பியதும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.